அம்மணி கேட்ட லிங்க்

பையக் கொஞ்சம் இந்தப் பக்கமா வெச்சுக்கறேனுங்க, கால் படாமப் பாத்துக்கங்க. உள்ள லேப்டாப்பு. என்றது இல்லீங்க, ஆபீசுது. வெள்ளகோயில்ல ஒரு புள்ளகிட்ட இருந்து திருப்பி வாங்கிட்டு வர்றேன். வேலையை விட்டுப் போனவங்க எல்லாத்தையும் ஒப்படைக்கணுமில்லீங்களா. லேப்டாப்பு, சார்ஜரு, மவுஸு, ஒரு கையெழுத்து. கூரியர்ல அனுப்பச் சொன்னாப் போதும், வந்துரும். நான்தான் நேர்லயே போறேன்னு கெளம்பிட்டேன்.

நீங்க திருப்பூர் வரைக்குமுங்களா? நல்லதாப் போச்சு. பேச்சுத் துணையாச்சு.

நான் நாச்சிமுத்துங்க. திருப்பூர்ல ஒரு சாப்ட்வேர் கம்பெனில சிஸ்டம் அட்மின். பதினாறு வருசம். புரோகிராம் எழுதறவன் நானில்லீங்க, எழுதறவங்க கம்ப்யூட்டரைப் பாத்துக்கறவன். பாஸ்வேர்டு மறந்தா நான், பிரிண்டர் மக்கர் பண்ணா நான், நெட்டு போச்சுன்னா நான். முப்பது பேர் இருக்கற ஆபீஸ்ல ஒருத்தருக்கும் என்ற பேரு தெரியாதுங்க. 'சிஸ்டம் அண்ணா'தான். ஓனரே அப்படித்தான் கூப்பிடுவாரு. எனக்கும் அது புடிச்சுப் போச்சுன்னு வெச்சுக்கங்களேன்.

இந்தப் புள்ள பேரு மோகனப்பிரியா. இருவத்தி மூணு வயசு. எங்க கம்பெனில ஒரு சாப்ட்வேர் பண்றாங்க. நிட்டிங் மெஷின்ல இருந்து பனியன் துணி எறங்கறப்பவே மேல ஒரு கேமரா வெச்சு, ஓட்டை எங்க, கறை எங்கன்னு தானாச் சொல்லணும். ஊசி தேஞ்சா துணியில நெட்டுக்கு ஒரு கோடு விழுகுமுங்க, நீடில் லைன்னு சொல்லுவோம். நம்ம கண்ணுக்கே தெரியாது, சாயம் போட்டப்பறம்தான் தெரியும். அதை இந்தப் புள்ளதான் கம்ப்யூட்டருக்குத் தெரிய வெச்சுது. அவங்கிட்டயும் இவங்கிட்டயும் கேட்டு, நிட்டிங் கம்பெனி நிட்டிங் கம்பெனியாப் போயி, பஞ்சுத் தூசிக்குள்ள நின்னு ஆறாயிரத்துச் சொச்சம் போட்டோ எடுத்துட்டு வந்துச்சு. ஒவ்வொரு போட்டோவுலயும் எங்க ஓட்டை, எங்க கோடுன்னு மவுஸால சின்னச் சின்னக் கட்டம் போட்டு வெக்கணும். ஆறு மாசம் அதேதான் வேலை. ஆறு மாசம் முடிஞ்சா வேலை நிரந்தரம். அப்படித்தான் பேசி எடுத்தாங்க.

அந்தப் புள்ள எங்கிட்ட வந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுங்க. லிங்க்.

உங்களுக்குப் புரியறாப்பல சொல்றேன். படமெல்லாம் ஒரு போல்டர்ல இருக்குது. அதை ரெண்டு புரோகிராம் பாக்கணும். ஒண்ணு அந்தப் போல்டரை நேராப் பாக்குது. இன்னொண்ணு தன்ற எடத்துல, தனக்குன்னு ஒரு பேர்ல இருந்தாத்தான் பாப்பேங்குது. ரெண்டு எடத்துலயும் வெக்க மெஷின்ல எடம் பத்தாது. அதுக்குத்தான் லிங்க். ஒரு ரூமுக்கு ரெண்டு வாசல் வெக்கறாப்பலன்னு வெச்சுக்கங்க. ரூம் ஒண்ணுதான். எந்த வாசல் வழியா வந்தாலும் அதே ரூமுக்குள்ளதான் நிப்பீங்க. கேக்கறதுக்குச் சின்ன விசயம். ஒரு வரி அடிச்சா முடிஞ்சுது. ஆனா அந்த ஒரு வரிக்கு மெஷின் அனுமதி கேக்கும். அட்மின் பாஸ்வேர்டு போடுன்னு சொல்லும்.

மொதத் தடவை வந்து கேக்கறப்ப, "லிங்க் எல்லாம் வேண்டாம் அம்மணி, செக்யூரிட்டி பிரச்சினை"ன்னேன். ரெண்டாந் தடவையும் அதேதான் சொன்னேன். மூணாந் தடவை அதும் முகத்தைப் பாத்துப் பாவமாப் போச்சு, டெஸ்க்டாப்ல ஒரு ஷார்ட்கட் போட்டுக் குடுத்தேன். "இதுவும் லிங்க்குதான், போ"ன்னேன். அரை மணி நேரங்கழிச்சு திரும்ப வருது. "அண்ணா, இது நாம கிளிக் பண்ணாத்தான் தொறக்குது. புரோகிராமுக்கு இது வெறும் பைலுங்ணா. அது உள்ள போக மாட்டேங்குது." புரோகிராமுக்குத் தெரியலைன்னா அது புரோகிராமோட தப்பு, என்ற தப்பானு கேட்டேன். நாலு பேரு சிரிச்சாங்க. அந்தப் புள்ளயும் சிரிச்சுது, சிரிச்சுட்டே போயி உக்காந்துக்கிச்சு.

பதினொரு தடவை கேட்டுதுங்க. நான் எண்ணல, அதுதான் எண்ணியிருக்குது. ஒரு நாள் எல்லாரும் டீ குடிச்சுட்டு நிக்கறப்ப வந்து, "அண்ணா, இது பதினொண்ணாவது தடவை"ன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிப் போச்சு. அத்தனை பேரு முன்னால சத்தம் போட்டுட்டேன். "நானென்ன உனக்கு மட்டும் வேலை செய்யறவனா? ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்"னேன். அதுக்கப்பறம் அது லிங்க்கைப் பத்தி வாயைத் தொறக்கல.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க, நீங்க திருப்பூர்ல எறங்கி உங்க வழியப் பாத்துப் போயிருவீங்க, மறுபடி பாக்கப் போறதில்ல. அந்தப் பாஸ்வேர்டு எங்கிட்ட இல்லீங்க. போன வருசம் சென்னைக்காரங்க எங்க கம்பெனியை வாங்குனாங்க, பழைய ஓனரு இங்க இருந்து பாத்துக்கறாரு. வாங்குன மக்கா நாளே, அடுத்த நாளே, எல்லா மெஷின் அட்மின் பாஸ்வேர்டும் அங்க போயிருச்சு. எனக்கு மிச்சம் வெச்சது, மறந்தவங்களுக்கு லாகின் பாஸ்வேர்டு மாத்திக் குடுக்கறது, அப்பறம் மெஷின்ல குப்பையை அழிக்கறது. அவ்வளவுதான். பிரிண்டருக்கு டிரைவர் போடறதுக்குக் கூட சென்னைக்கு டிக்கெட்டு, அதான் கம்ப்யூட்டர்லயே ஒரு விண்ணப்பம், போட்டுட்டு உக்காந்திருக்கணும். இது ஓனருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மத்த யாருக்கும் தெரியாது. என்ற வீட்டுக்காரிக்கே தெரியாதுங்க. பதினாறு வருசம் சிஸ்டம் அண்ணா, சிஸ்டம் அண்ணான்னுட்டு இருந்தவங்ககிட்டப் போயி, 'எனக்குப் பவர் இல்லீங்க சாமி'ன்னு எப்படிச் சொல்லறது? அதனால செக்யூரிட்டின்னு சொல்லிருவேன். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க.

டிக்கெட் போடாம இல்லீங்க. அந்தப் புள்ளைக்கும் போட்டேன். 'லிங்க் வேண்டும்'னு எழுதுனேன். 'எதற்காக?'ன்னு கேட்டு வந்துச்சு. 'வேலைக்காக'ன்னு எழுதுனேன். 'விவரம் போதவில்லை'ன்னு மூடிட்டாங்க. விவரமா எழுத எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. அந்தப் புள்ளையவே எழுதச் சொல்லியிருக்கலாம். சொன்னா, டிக்கெட்டு எதுக்கு, உங்ககிட்ட இல்லையாங்ணான்னு கேக்குமில்ல?

அதான் நான் வேற வழி பண்ணிக் குடுத்தேன். மெஷின்ல கெடந்ததையெல்லாம் வெளிய தூக்கிப் போட்டு எடம் பண்ணி, படத்தையெல்லாம் அப்படியே ரெண்டாவது எடத்துல காப்பி போட்டேன். வேலை நடந்துச்சு. ஆனா டிஸ்க்கு ரொம்பிக் கெடக்குதா, வாரத்துக்கு ரெண்டு தடவை மெஷின் அப்படியே நின்னு போகும். அதுக்கும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. சரின்னு, அதுக்கும் ஒரு வழி பண்ணேன்.

எங்கிட்ட ஒரு சனிக்கிழமை லிஸ்ட் இருக்குதுங்க. சனிக்கிழமை அரை நாள்தான், மத்தியானம் ஒரு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனதும் தானா ஓடும். லிஸ்ட்ல இருக்கற போல்டர் ஒவ்வொண்ணுக்குள்ளயும் போயி இருக்கறதையெல்லாம் அழிச்சுட்டு வரும். நானே எழுதுனது. எங்க ஆபீஸ்ல நானே எழுதுன புரோகிராம் அது ஒண்ணுதான். அந்தக் காப்பி போல்டரையும் அதுல சேத்தேன். சனிக்கிழமை மத்தியானம் காப்பி போயிரும், மெஷின் நல்லா ஓடும், திங்கக்கிழமை காலையில அந்தப் புள்ள மறுபடி காப்பி போட்டுக்கும். மூணு மணி நேரம் ஆகும். காப்பி ஆகி முடியற வரைக்கும் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கும். நாலு வாரம் அப்படியே ஓடுச்சு. ஒரு வார்த்தை சொல்லல. எனக்குப் பிரச்சினை தீந்துதுன்னு சந்தோசம்.

திருப்பூர் வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குதுங்க, உக்காருங்க. இப்பத்தான் காங்கயமே வருது.

அஞ்சாவது வாரம் புதன்கிழமை. அந்தப் புள்ள வந்துச்சு. "அண்ணா, இனிமே அந்தப் போல்டரை அழிக்க வேண்டாங்ணா. உங்க சனிக்கிழமை லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க"ன்னுச்சு. நான் அப்ப ஓனர் ரூம்ல ஏசி ரிமோட்டுக்கு பேட்டரி தேடிட்டு இருந்தேன். "சரி போ"ன்னேன். சாயங்காலம் கெளம்பறப்ப மறுபடி வந்து, "எடுத்துட்டீங்களாங்ணா?"ன்னு கேட்டுது. "எடுத்தாச்சு அம்மணி, எத்தனை தடவை சொல்றது"ன்னேன்.

அது ஏன் எடுக்கச் சொல்லுச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாதுங்க. அனுமதி கேக்காத இன்னொரு வகை லிங்க் இருக்குதாம். அதை எங்கயோ தேடிப் படிச்சு, காப்பி இருந்த எடத்துலயே, அதே பேர்லயே லிங்க் போட்டிருச்சு. அந்தப் பேரைத்தானே புரோகிராம் தேடும். எங்கிட்டச் சொல்லல. 'அண்ணா, லிங்க் போட்டிருக்கேன்'னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்துதுன்னா நான் ஓடிப் போயி லிஸ்ட்டைப் பாத்திருப்பேன். ஏன் சொல்லலைன்னு கேளுங்க. நான் திட்டுவேன்னு பயந்துச்சாம். நானென்னங்க அப்படிப் பயப்படறாப்பலயா இருக்கறேன்? நீங்களே சொல்லுங்க.

திங்கக்கிழமை காலையில அந்தப் புள்ள வந்து மெஷினைப் போட்டுச்சு. நான் அந்தப் பக்கமாப் போறேன், அது கையை வாய் மேல வெச்சுட்டு உக்காந்திருக்குது. ஸ்கிரீன்ல போல்டரெல்லாம் இருக்குது. ஓட்டை, நீடில் லைன், கறைன்னு பேரெல்லாம் அப்படியே இருக்குது. தொறந்தா உள்ள ஒரு படம் இல்ல. நிஜப் போல்டருங்க, காப்பி இல்ல. மறுநாள் செவ்வாக்கிழமை, சாப்ட்வேரை வாங்கறதா இருந்த மில்லுக்காரரு பாக்க வர்றாரு. அந்தப் புள்ள ஒவ்வொரு போல்டராத் தொறக்குது, மூடுது, மறுபடியும் மொதல்ல இருந்து தொறக்குது. "அண்ணா, எங்கங்ணா போச்சு?"ன்னு கேட்டுது. அழுகல. அழுதிருந்தாக் கூடப் பரவாயில்லைன்னு தோணுச்சு.

பேக்கப் இல்லையான்னுதான் எல்லாரும் கேப்பாங்க, நீங்களும் கேக்க வந்தீங்க. பெரிய டிஸ்க் வேணும்னு ஏப்ரல்லயே டிக்கெட் போட்டேனுங்க. அதுவும் 'விவரம் போதவில்லை'தான்.

அழிஞ்சதைத் தேடி எடுக்கற சாப்ட்வேர் போட்டு ரெண்டு நாளு தொலாவுனேன். நூறு படமோ என்னமோ வந்துச்சு. பாதிப் படம் துணியாவும் பாதிப் படம் சாம்பக் கலராவும். அந்தப் புள்ள அதுல ஒண்ணைப் பாத்துட்டு, "இது மங்கலம் ரோட்ல எடுத்ததுங்ணா, அன்னிக்கு கரண்ட் போயிப் போயி வந்துச்சு"ன்னுச்சு. ஆறாயிரமும் அதுக்கு அப்படி ஞாபகம் இருக்குதுங்க.

ஆமாங்க. எடுக்கல. லிஸ்ட்ல இருந்து நான் எடுக்கல. எடுத்தாச்சுன்னு சொன்னேன், பேட்டரி தேடப் போனதுல மறந்துட்டேன். சனிக்கிழமை ஒரு மணிக்கு அது பாட்டுக்கு ஓடியிருக்குது. காப்பி இருந்த எடத்துக்குப் போயிருக்குது. அங்க இருந்தது காப்பி இல்ல, வாசல். வாசல் வழியா உள்ள போயி, நிஜ ரூமைக் கூட்டித் தள்ளிட்டு வந்திருக்குது. ஒரு மணி நாலு நிமிசத்துக்கு முடிஞ்சிருக்குது. எத்தனை அழிச்சேன்னு அது கணக்கெழுதி வெக்கும், அதைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. பாத்ததும் மொதல்ல அந்த வரியை லிஸ்ட்ல இருந்து எடுத்தேன். அப்பறம் அந்தக் கணக்கையும் அழிச்சேன். எடுத்தாச்சுன்னு சொன்னது உண்மையாகட்டும்னுதான்.

சென்னையில இருந்து வீடியோ கால்ல வந்தாங்க. மூணு பேரு. ஒருத்தர் கேட்டாரு, "அனுமதி இல்லாம லிங்க் போட்டது யாரு?"ன்னு. இந்தப் புள்ள கையத் தூக்குச்சு. ஸ்கூல்ல தூக்கறாப்பலயே தூக்குச்சுங்க. "நான்தான் சார்." அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்கல. என்னையப் பாத்து, "ரிப்போர்ட் எழுதி அனுப்புங்க"ன்னாங்க. அனுமதியில்லாத லிங்க்கால பைல்கள் போயிடுச்சுன்னு எழுதுனேன். பொய் இல்லையே? லிங்க் இல்லைன்னா போயிருக்காதுதானே? அந்தத் தடவை விவரம் போதலைன்னு யாரும் திருப்பி அனுப்பல.

வெள்ளிக்கிழமையோட அந்தப் புள்ளையை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க.

சொல்லியிருக்கலாமேன்னு பாக்கறீங்க. எனக்கு நாப்பத்தி ஏழுங்க. பாஸ்வேர்டும் இல்ல, பேக்கப்பும் இல்ல, இருந்த ஒரே புரோகிராமும் ஆறு மாச வேலையை முழுங்கிருச்சுன்னு தெரிஞ்சா, அப்பறம் நான் எதுக்குன்னு சென்னையில கேப்பாங்களா மாட்டாங்களா? அது சின்னப் புள்ள. எங்க போனாலும் வேலை கெடைக்கும்னு நெனைச்சேன்.

கெடைக்கலீங்க. அதான் விசயம். கோயமுத்தூர்ல ரெண்டு எடத்துல இன்டர்வியூ போயிருக்குது. பழைய வேலையை ஏன் விட்டேன்னு கேட்டிருக்காங்க. இது நேரா, "ஆறாயிரம் படத்தை அழிச்சுட்டேன்"ன்னு சொல்லியிருக்குது. அப்படி யாராவது சொல்லுவாங்களா? எங்க ஆபீஸ்ல அதும் கூடப் படிச்ச புள்ள ஒண்ணு இருக்குது, அது சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது சொன்ன மக்கா நாளுதான் லேப்டாப்பை நானே போயி வாங்கிட்டு வர்றேன்னு ஓனர்கிட்டக் கேட்டேன். சொல்லிரலாம்னுதானுங்க போனேன். சத்தியமா. போறப்ப பஸ்ல ஒத்திகையெல்லாம் பாத்தேன். 'அம்மணி, உன் மேல தப்பு இல்ல.' இவ்வளவுதான், நாலே வார்த்தை.

வீட்டுல அவங்கப்பா இருந்தாரு. தறி ஓட்டறவரு, தறியை நிறுத்திட்டு வந்தாரு. "வாங்க வாங்க, சிஸ்டம் அண்ணா சிஸ்டம் அண்ணான்னு எங்க பொண்ணு உங்களைப் பத்தித்தானுங்க சொல்லும்"னு சேரைத் தொடைச்சுப் போட்டாரு. அந்தப் புள்ள லேப்டாப்பைத் தொடைச்சு, சார்ஜர் வயரைச் சுத்தி, ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டாந்து குடுத்துச்சு. கையெழுத்துப் போட்டுச்சு. டீ வந்துச்சு. நான் குடிச்சுட்டே இருக்கறேன், டம்ளரு காலியாகியும் குடிச்சுட்டே இருக்கறேன்.

அது கேட்டுதுங்க. "அண்ணா, ஒண்ணே ஒண்ணு. லிங்க் தானா எதையும் அழிக்காதுங்ணா. நானும் படிச்சுப் படிச்சுப் பாத்துட்டேன். உங்க லிஸ்ட்லதான் அழிஞ்சிருக்குமோன்னு கூட ஒரு தடவை நெனைச்சேன், ஆனா நீங்கதான் எடுத்துட்டீங்களே. அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னு தெரிஞ்சாப் போதுங்ணா. தெரியாம எந்த மெஷினைத் தொடறதுக்கும் பயமா இருக்குது."

அவங்கப்பா நின்னுட்டு இருக்காருங்க. மகளைப் பாக்கறாரு, என்னையப் பாக்கறாரு. வாயைத் தொறந்தேன். அந்த நாலு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு. நிசமா வந்துச்சுங்க. அதுக்கப்பறம் என்ற காதுக்கே கேக்குது, நான் பேசறேன். "ஆமா அம்மணி. நீ லிங்க்கைத் திருப்பிப் போட்டுட்ட. எதை மொதல்ல எழுதணும், எதை ரெண்டாவது எழுதணும்னு ஒரு மொறை இருக்குதுல்ல, அது மாறிப் போச்சு. மாறுனா இப்படித்தான் ஆகும்."

அப்படியெல்லாம் ஆகாதுங்க. மாத்திப் போட்டா லிங்க்கே விழுகாது, அவ்வளவுதான். அது உள்ள போயி ஒரு நோட்டை எடுத்துட்டு வந்துச்சு. "மெதுவாச் சொல்லுங்ணா"ன்னுச்சு. சொன்னேன். ஒவ்வொரு வரியா எழுதிக்கிச்சு. எழுதுனதைத் திருப்பி எங்கிட்டப் படிச்சுக் காட்டுச்சு, சரியாங்ணான்னு கேட்டுது. சரின்னேன்.

வாசல் வரைக்கும் வந்து, "ரொம்ப தேங்க்ஸ்ங்ணா. எல்லாரும் பரவாயில்ல பரவாயில்லன்னு பூசி மொழுகுனாங்க. நீங்க ஒருத்தர்தான் எனக்கு நேராச் சொன்னீங்க"ன்னுச்சு. நானும் சரி அம்மணின்னு தலையாட்டிட்டு வந்து பஸ் ஏறிட்டேனுங்க.